வேலையில் இருந்துகொண்டே தகவல் பாதுகாப்பில் முதுகலை: சறுக்கும் இடங்களும் பிடிமானங்களும்

ஃபயர்வால், லாக், பேட்ச் என்று பல வருடம் கைபழகியவர்கள் முதுகலை வகுப்புக்குப் போனதும் முதலில் தடுமாறும் இடம் குறியாக்கவியல், அதாவது செய்திகளை மறைத்துக் காக்கும் கணிதம். முதல் அசைன்மென்ட்டிலேயே "கீழுள்ள திட்டம் பாதுகாப்பானதா? நிறுவுக, அல்லது மறுத்துக் காட்டுக" என்று இரண்டு வரியில் ஒரு கேள்வி வரும். "ஏஇஎஸ் 256 என்ற வலுவான குறியாக்கம் போட்டிருக்கிறோம், ஆடிட்டிலும் தேறிவிட்டது" என்பது அலுவலகத்தில் செல்லுபடியாகும் பதில். வகுப்பில் அதற்கு மதிப்பெண் கிடையாது. யாரிடமிருந்து காக்கிறோம், அவர் கையில் என்னென்ன இருக்கின்றன, அவரால் எது முடியாது என்று வைத்துக்கொள்கிறோம் என்ற மூன்றையும் எழுதாதவரை பாதுகாப்பு என்ற சொல்லுக்கே அங்கே பொருள் இல்லை.

வேலை அனுபவம் இந்தப் படிப்புக்குப் பெரிய துணை என்று எல்லோரும் சொல்வார்கள். பாதி உண்மைதான். ஆய்வகத்திலும் ஆய்வேட்டுக்குக் கேள்வி தேடும்போதும் அது கைகொடுக்கும். நிரூபணத்திலும், தரவைக் கையாள்வதிலும், எழுத்திலும் அதே அனுபவம் காலை வாரிவிடும். எங்கே எது என்று தெரிந்துகொண்டு போனால் முதல் செமஸ்டர் வீணாகாது.

கணக்கை முன்னாலேயே தூசி தட்டுங்கள்

வகுப்பு தொடங்க ஆறு முதல் எட்டு வாரம் இருக்கும்போதே கணக்கைத் திரும்ப எடுக்க வேண்டும். தினமும் 40 நிமிடம் போதும். எடுக்க வேண்டியவை அதிகமில்லை: மாடுலர் கணக்கு, யூக்ளிட் முறையும் அதன் விரிவும், ஃபெர்மாவின் சிறிய தேற்றம், சீன மீதித் தேற்றம், குழுக்கள் பற்றிய அடிப்படை, நிபந்தனை நிகழ்தகவு. இவற்றை வீடியோ பார்த்துப் படித்தால் நிற்காது. தாளில் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஆர்எஸ்ஏ என்ற பொதுச்சாவிக் குறியாக்கத்தைச் சின்ன எண்களில் ஒருமுறை கையால் செய்யுங்கள். பகா எண்கள் 11, 13. பெருக்கினால் 143. 10ஐயும் 12ஐயும் பெருக்கினால் 120. பொதுச் சாவி 7 என்று வைத்தால் தனிச் சாவி 103, ஏனென்றால் 7 × 103 = 721, அதை 120ஆல் வகுத்தால் மீதி 1. இப்போது 2 என்ற செய்தியைக் குறியாக்கினால் (ஏழாம் படிக்கு உயர்த்தி 143ஆல் வகுத்த மீதி) 128 வரும், 3ஐக் குறியாக்கினால் 42 வரும். இந்த 128ஐயும் 42ஐயும் பெருக்கி 143ஆல் வகுத்து மீதியைப் பாருங்கள்: 85. நேரடியாக 6ஐக் குறியாக்கினாலும் 85தான். அதாவது தனிச் சாவியும் அசல் செய்திகளும் தெரியாத ஒருவர், இரண்டு மறைசெய்திகளை வைத்து மூன்றாவது செய்திக்கு மறைவடிவம் செய்துவிட்டார். பாடநூல் ஆர்எஸ்ஏவை அப்படியே பயன்படுத்தக் கூடாது, முறையான பேடிங் (செய்தியோடு சேர்க்கும் தற்போக்கு நிரப்பல்) வேண்டும் என்று வேலையில் பலமுறை கேட்டிருப்போம். அது ஏன் என்பது இந்தப் பத்து நிமிடக் கணக்கில் விளங்கிவிடும்.

அதேபோல் பிறந்தநாள் முரண். 23 பேர் இருக்கும் அறையில் இருவருக்கு ஒரே பிறந்தநாள் இருக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல். இதே கணக்கை தரவை 64 பிட் துண்டுகளாக (பிளாக்) குறியாக்கும் ட்ரிபிள் டிஇஎஸ் என்ற பழைய முறைக்குப் போட்டால், ஒரே சாவியில் சுமார் 32 ஜிபி தரவு ஓடியதும் பிளாக்குகள் மோதத் தொடங்கும். 2016ல் ஸ்வீட்32 என்ற தாக்குதல் இதைச் செய்தே காட்டியது. ஸ்கேனர் ஒவ்வொரு மாதமும் "இதை அணையுங்கள்" என்று கத்துவதன் பின்னால் உள்ள கணக்கு இதுதான். இப்படிப் பழகிய பொருளோடு கோத்துப் படித்தால் தேற்றம் மறக்காது.

நிரூபணங்களில் ஒரே ஒரு தவறு மறுபடி மறுபடி நடக்கிறது: திசை தலைகீழாகிவிடுவது. நாம் தாக்குதலை ஒட்டி யோசித்துப் பழகியவர்கள். அதனால் "அடிப்படைக் கணக்கை உடைத்தால் இந்தத் திட்டம் உடையும்" என்று எழுதிவிடுவோம். அது உண்மைதான், ஆனால் கேட்டது அதுவல்ல. "இந்தத் திட்டத்தை உடைக்க ஒருவரால் முடிந்தால், அவரைக் கருவியாக வைத்து அந்தக் கடினமான கணக்கையே உடைக்கலாம்" என்பதைக் காட்ட வேண்டும். எழுதி முடித்ததும் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் தாக்குபவர் கேட்கும் ஒவ்வொன்றுக்கும் நீங்கள் கட்டிய இயந்திரம் ரகசியச் சாவி இல்லாமலே பதில் சொல்கிறதா? அவருக்குத் தான் இருப்பது நிஜ உலகமா போலியா என்று சந்தேகம் வருமா? அவர் வெல்லும் வாய்ப்பில் எவ்வளவு உங்கள் கைக்கு வந்து சேர்கிறது? இவற்றில் ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும் நிரூபணம் முழுமையில்லை.

தொடங்குவதற்கு, ஒவ்வொரு பிளாக்கையும் தனித்தனியாக ஒரே சாவியால் குறியாக்கும் இசிபி முறை நல்லது. தாக்குபவர் இரண்டு செய்திகள் கொடுக்கிறார்: ஒன்றில் இரண்டு பிளாக்கும் ஒரேமாதிரி, மற்றதில் வேறுவேறு. திரும்பி வரும் மறைசெய்தியின் இரண்டு பிளாக்கும் ஒன்றாக இருந்தால் முதல் செய்தி, இல்லையென்றால் இரண்டாவது. ஆட்டம் முடிந்தது. அடுத்து, தொடக்க மதிப்பை முன்கூட்டி ஊகிக்க முடிந்தால் ஒவ்வொரு பிளாக்கையும் முந்தைய மறைபிளாக்கோடு கலக்கும் சிபிசி முறையும் இதே ஆட்டத்தில் ஏன் தோற்கிறது என்று எழுதிப் பாருங்கள். 2011ல் இணையத் தொடர்பைக் காக்கும் டிஎல்எஸ் 1.0ஐப் பதம் பார்த்த பீஸ்ட் தாக்குதல் அதுவேதான்.

ஆய்வகம்: அலுவலக லேப்டாப்பைத் தொடாதீர்கள்

இதில் விட்டுக்கொடுக்க எதுவுமே இல்லை. பஃபர் ஓவர்ஃப்ளோ (ஒதுக்கிய நினைவிடத்தைத் தாண்டி எழுதி நிரலைக் கைப்பற்றுவது) பயிற்சிக்கு எழுதிய நிரலை அலுவலகக் கணினியில் கம்பைல் செய்த நொடியில் அங்குள்ள இடிஆர் என்ற கண்காணிப்பு மென்பொருள் அதைத் தனிமைப்படுத்தும், கண்காணிப்புக் குழுவுக்கு அலாரம் போகும், நடுராத்திரியில் யாரோ ஒருவர் அதை விசாரிக்க உட்காருவார். பாடத்துக்காகத்தான் செய்தேன் என்ற விளக்கம் பதிவேட்டிலிருந்து அந்த வரியை அழிக்காது. பல்கலைக்கழக மின்னஞ்சல், குறிப்புகள், கோடு எதுவும் அலுவலகக் கணக்கில் இருக்கக் கூடாது. அலுவலக விபிஎன் ஆய்வகக் கணினியில் இருக்கக் கூடாது.

சொந்தக் கணினிக்கு 16 ஜிபி ரேம் குறைந்தபட்சம். டொமைன் கன்ட்ரோலர், கிளையன்ட், தாக்கும் கணினி என்று மூன்று விஎம் (மெய்நிகர் கணினி) ஒருசேர ஓட்ட வேண்டுமென்றால் 32 ஜிபி இருந்தால்தான் நிம்மதி. எஸ்எஸ்டியில் 150 ஜிபியாவது காலியாக இருக்கட்டும், ஸ்னாப்ஷாட்டுகள் (விஎம்மின் அந்தநேர நிலையின் நகல்கள்) இடத்தை விழுங்கும். புதிதாக வாங்குவதென்றால் ப்ராசஸரைக் கவனியுங்கள். பாடங்களில் வரும் பைனரிகளில் பெரும்பாலானவை எக்ஸ்86க்கு எழுதப்பட்டவை. ஏஆர்எம் சிப் உள்ள லேப்டாப்பில் அவற்றை எமுலேட் செய்துதான் ஓட்ட முடியும். மெதுவாக ஓடும், டீபக்கரில் முகவரிகளைத் தேடும்போது பொறுமை போய்விடும். விண்டோஸில் விஎம் ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் காரணமில்லாமல் ஊர்ந்தால் விஎம் சாளரத்தின் கீழ்ப்பட்டையைப் பாருங்கள். அங்கே பச்சை ஆமைப் படம் தெரிந்தால், விண்டோஸின் சொந்த மெய்நிகராக்கமான ஹைப்பர்-வி பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

விஎம்களின் நெட்வொர்க்கை ஹோஸ்ட்-ஒன்லியில் (உங்கள் கணினிக்குள் மட்டும்) வையுங்கள். பிரிட்ஜ்டில் விட்டால் ஓட்டைகள் நிறைந்த அந்த விஎம் வீட்டு நெட்வொர்க்கில் மற்றவற்றோடு சேர்ந்து உட்கார்ந்துவிடும். ஒவ்வொரு பயிற்சிக்கும் முன் ஒரு ஸ்னாப்ஷாட்.

பஃபர் ஓவர்ஃப்ளோ பயிற்சியில் வரும் சிக்கல்கள் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒரே வரிசையில் வரும். முதலில், முகவரிகள் ஒவ்வொரு தடவையும் மாறும்: கர்னலின் முகவரிக் குலைப்பை அணைக்க மறந்திருப்பீர்கள். அடுத்து, "ஸ்டாக் ஸ்மாஷிங்" என்று செய்தி காட்டி நிரல் நிற்கும்: கம்பைல் செய்யும்போது ஸ்டாக் காவலை நீக்கவில்லை. பிறகு செக்மென்டேஷன் ஃபால்ட்: ஸ்டாக்கில் கோடு ஓட அனுமதி கொடுக்கவில்லை. இவை எல்லாம் சரியான பிறகும், டீபக்கருக்குள் ஓடும் எக்ஸ்ப்ளாய்ட் வெளியே ஓடாது. இந்த இடத்தில்தான் பலர் ஒரு முழு வார இறுதியைத் தொலைக்கிறார்கள். ஜிடிபி என்ற டீபக்கர் தன் பங்குக்குச் சில சூழல் மாறிகளைச் சேர்க்கிறது. அவை ஸ்டாக்கின் உச்சியில் உட்காருவதால் மற்ற முகவரிகள் நகர்ந்துவிடுகின்றன. அந்த மாறிகளை ஜிடிபிக்குள் நீக்கிவிட்டு முகவரியை மறுபடி எடுங்கள், அல்லது எதுவும் செய்யாத நாப் கட்டளைகளின் நீளத்தைக் கூட்டி நடுவில் குறிவையுங்கள். கடைசியில் ஷெல் கிடைக்கும், ஆனால் ரூட் (முழு அதிகாரம்) கிடைக்காது. உபுண்டுவின் டேஷ் ஷெல், உண்மையான பயனரும் செயல்படும் பயனரும் வேறாக இருந்தால் தன் அதிகாரத்தைத் தானே கைவிடும்படி எழுதப்பட்டது. உள்ளே செலுத்தும் ஷெல்கோடிலேயே முதலில் பயனர் எண்ணைச் சுழியாக்க வேண்டும்.

64 பிட்டுக்கு மாறும்போது ஒன்று கூடுதல். முகவரியின் மேல் இரண்டு பைட்டும் சுழியாக இருப்பதால், சரத்தை நகலெடுக்கும் சார்பு அங்கேயே நின்றுவிடும். எனவே ஷெல்கோடு திரும்பு முகவரிக்கு முன்னால் இருக்க வேண்டும், பின்னால் வைத்தால் உள்ளேயே வராது.

செய்வதையெல்லாம் குறித்து வையுங்கள்: தேதி, கட்டளை, கருவியின் பதிப்பு எண், என்ன கிடைத்தது. லினக்ஸில் டெர்மினலில் ஓடுவதை அப்படியே கோப்பாக்கும் 'ஸ்கிரிப்ட்' கட்டளை உண்டு. ஆறு வாரம் கழித்து அறிக்கை எழுத உட்காரும்போது இதன் அருமை தெரியும். பயிற்சி எல்லாம் உங்கள் விஎம்களுக்குள் மட்டும்தான். சும்மா ஒரு ஸ்கேன் என்று பல்கலைக்கழக நெட்வொர்க்கில் கைவைத்தாலும் அது ஒழுங்கு நடவடிக்கைக்குரிய விஷயம்.

நேரம்

மூன்று கிரெடிட் பாடத்துக்கு வாரம் 10 முதல் 12 மணி நேரம் ஒதுக்குங்கள். அதனால் முழுநேர வேலையோடு ஒரு செமஸ்டருக்கு ஒரு பாடம், மிஞ்சினால் இரண்டு. இரண்டு எடுத்தால் குறியாக்கவியலையும் ஆய்வகம் அதிகமுள்ள இன்னொன்றையும் ஒருசேர எடுக்காதீர்கள். கொள்கை, ஆளுகை, இடர் மேலாண்மை போன்ற ஒன்றோடு ஜோடி சேருங்கள்.

மணிக்கணக்கைவிட அதை எப்படித் துண்டு போடுகிறோம் என்பது முக்கியம். நிரூபணக் கணக்குக்கு தினமும் 45 நிமிடம் நன்றாக வேலை செய்யும், தூங்கி எழுந்ததும் விடை புலப்படுவதுண்டு. ஆய்வகத்துக்கு அது உதவாது; விஎம்களைக் கிளப்பி, விட்ட இடத்தைப் பிடிக்கவே அரைமணி ஓடிவிடும். அதற்கு இடைவிடாத மூன்று நான்கு மணி நேரம் வேண்டும்.

செமஸ்டர் அட்டவணை வந்த அன்றே ஆன்-கால் (அவசர அழைப்புப் பணி) பட்டியலை எடுத்துத் தேர்வு வாரங்களை மாற்றிக்கொள்ளுங்கள். மாதத்தின் இரண்டாவது செவ்வாய் மைக்ரோசாஃப்ட்டின் பேட்ச் நாள். அந்த வாரத்தில் சமர்ப்பிப்புத் தேதி வந்தால் முந்தின வாரமே முடித்துவிடுங்கள். பெரிய ஓட்டைகள் நாள் பார்த்து வருவதில்லை. லாக்4ஷெல் என்ற ஓட்டை 2021 டிசம்பரில், செமஸ்டர் முடியும் நேரத்தில் வெடித்தது. அதனால் எந்த அசைன்மென்ட்டையும் கடைசி மூன்று நாளுக்கு விடாதீர்கள். மேலாளரிடம் பாடத்தின் பெயரைச் சொல்வதைவிடத் தேர்வுத் தேதிகளைச் சொல்வது பயன் தரும்.

படிப்புச் செலவை நிறுவனம் ஏற்பதாக இருந்தால், கையெழுத்துப் போடுமுன் இரண்டு பத்திகளை நிதானமாக வாசியுங்கள்: வேலையை விட்டால் எவ்வளவு, எத்தனை வருடத்துக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது ஒன்று, படிக்கும் காலத்தில் நீங்கள் உருவாக்கும் கோடும் ஆய்வும் யாருக்குச் சொந்தம் என்பது மற்றது. இரண்டாவதைப் பலர் பார்ப்பதே இல்லை. ஆய்வேட்டுக் கோடைத் திறந்த மூலமாக வெளியிட நினைக்கும்போதுதான் அது தலைகாட்டும்.

ஆய்வுக் கட்டுரைகளை வாசிப்பது

வெண்டர் வெள்ளை அறிக்கைகளை வாசிப்பதுபோல் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வாசித்தால் வாரத்துக்கு ஒரு கட்டுரைதான் முடியும். முதல் பத்து நிமிடத்தில் சுருக்கம், தாக்குபவர் பற்றிய அனுமானப் பகுதி, சோதனை அட்டவணைகள், குறைபாடுகள் பற்றிய பத்தி, இவ்வளவும் போதும். அதன் பிறகும் தேவையென்று பட்டால் மட்டும் முழு வாசிப்பு.

அனுமானப் பகுதியை ஏன் முதலில் பார்க்க வேண்டும் என்பதற்கு இருவர் ஒருவரையொருவர் அடையாளம் உறுதிசெய்துகொள்ளும் நீதம்-ஷ்ரோடர் நெறிமுறையைவிட நல்ல பாடம் இல்லை. 1978ல் வெளிவந்தது. அதன் பொதுச்சாவி வடிவில் இருந்த ஓட்டையை 1995ல்தான் காவின் லோ காட்டினார். 17 வருடம். நெறிமுறையின் வரிகள் ஏழுதான், படித்தவர்களோ ஏராளம். நெட்வொர்க்கில் முறையாகச் சேர்ந்த ஒருவரே தாக்குபவராக இருந்து, தன்னோடு தொடங்கிய உரையாடலை இன்னொருவரிடம் கடத்தினால் என்ன ஆகும் என்ற கேள்விதான் விடுபட்டிருந்தது. இந்தத் தாக்குதலைத் தாளில் அம்புக்குறி போட்டு ஒருமுறை வரைந்து பார்த்தவர்கள், அதன் பின் எந்த வடிவமைப்பு ஆவணத்தையும் பழையபடி வாசிக்க மாட்டார்கள்.

புதியவற்றுக்கு ஐட்ரிபிள்ஈயின் பாதுகாப்பு மாநாடு, யூஸ்னிக்ஸ் செக்யூரிட்டி, ஏசிஎம் சிசிஎஸ், என்டிஎஸ்எஸ் ஆகிய நான்கின் கட்டுரைப் பட்டியலைப் புரட்டினாலே துறை எங்கே போகிறது என்று தெரியும். யூஸ்னிக்ஸ், என்டிஎஸ்எஸ் கட்டுரைகள் இலவசம். பழையவற்றில் சால்ட்சர், ஷ்ரோடர் 1975ல் எழுதிய வடிவமைப்புக் கொள்கைகளையும், கம்பைலரை நம்பலாமா என்று கென் தாம்சன் 1984ல் கேட்டதையும் விடாதீர்கள். தாம்சன் உரை சில பக்கம்தான்.

ஆய்வேடு: தரவில்தான் சிக்கல்

வேலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஊடுருவல் கண்டறிதலை, அதிலும் இயந்திரக் கற்றலோடு, தலைப்பாகக் கேட்கிறார்கள். நல்ல தலைப்புதான், பொறிகளும் நிறைய. கேடிடி 99 என்ற பழைய பொதுத் தரவுத்தொகுப்பை எடுத்து 99 சதவீதத் துல்லியம் என்று காட்டும் ஆய்வேடுகள் இன்றும் வருகின்றன. அந்தத் தரவு 1998ல் செயற்கையாக உருவாக்கிய போக்குவரத்திலிருந்து வந்தது. பயிற்சிப் பதிவுகளில் சுமார் 78 சதவீதமும், சோதனைப் பதிவுகளில் சுமார் 75 சதவீதமும் நகல்கள் என்று 2009லேயே காட்டிவிட்டார்கள். ஒரே வரியைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் எந்த மாடலும் தேறும்.

துல்லியம் என்ற எண்ணே இங்கே ஏமாற்றும். நாளொன்றுக்குப் பத்து லட்சம் நிகழ்வுகள், அவற்றில் 20 மட்டும் தாக்குதல் என்று வைப்போம். தவறான அலாரம் 0.1 சதவீதம்தான் என்றாலும் அது 1,000 அலாரம். 20 தாக்குதலையும் விடாமல் பிடித்தாலும் மொத்தம் 1,020 அலாரத்தில் 20தான் உண்மை, அதாவது 2 சதவீதத்துக்கும் கீழே. கண்காணிப்புக் குழுவில் உட்கார்ந்தவர்களுக்கு இது உடம்பிலேயே தெரியும். அந்த அறிவை இங்கே கொண்டுவாருங்கள்: துல்லியத்துக்குப் பதில், ஒரு ஷிஃப்டில் ஓர் ஆய்வாளர் எத்தனை அலாரம் பார்க்க வேண்டியிருக்கும் என்று எழுதுங்கள்.

தரவைப் பயிற்சி, சோதனை என்று பிரிக்கும்போது கலைத்துப் போட்டுப் பிரிக்காதீர்கள், தேதிவாரியாகப் பிரியுங்கள். கலைத்தால் நாளைய தாக்குதலைப் பார்த்துவிட்டு இன்றையதைக் கணிக்கிறது மாடல். ஐபி முகவரியை ஒரு பண்பாக விட்டுவைத்தால் தாக்குதலைக் கற்காமல் முகவரியை மனப்பாடம் செய்துவிடும். அளவீட்டைச் சீராக்குவதைப் பயிற்சித் தரவில் மட்டும் கணக்கிட்டுச் சோதனைத் தரவில் பொருத்த வேண்டும்.

சொந்த நிறுவனத்தின் லாக் கையருகே இருக்கிறதே என்ற ஆசை வரும். எழுத்தில் அனுமதி இல்லாமல் ஒரு வரியையும் எடுக்காதீர்கள். ஒரு பக்கக் கடிதம் போதும். ஆனால் அதில் எந்தப் புலங்கள், எப்படி அடையாளம் நீக்கப்படும், எங்கே சேமிக்கப்படும், யார் பார்ப்பார்கள், எப்போது அழிக்கப்படும், வெளியிடுமுன் யார் பார்த்து ஒப்புவார்கள் என்ற ஆறும் இருக்க வேண்டும். மேலாளர் கையெழுத்து மட்டும் போதாது, சட்டப் பிரிவும் தரவுக்குப் பொறுப்பானவரும் போட வேண்டும். பேக்கெட்டின் உள்ளடக்கத்தைக் கேட்கவே கேட்காதீர்கள், யார் யாரோடு எப்போது எவ்வளவு பேசினார் என்று மட்டும் சொல்லும் ஃப்ளோ பதிவுகளோடு நில்லுங்கள். ஐபி முகவரிகளை மாற்றும்போது சப்நெட் உறவு கெடாத முன்னொட்டுக் காப்பு முறை உண்டு. அதையும் முழுப் பாதுகாப்பு என்று நம்பிவிடாதீர்கள், நேரமும் போர்ட்டும் சேர்ந்தாலே சர்வரை அடையாளம் காட்டிவிடும். இந்த அனுமதிக்கு மாதங்கள் ஆகலாம் என்பதால், தலைப்பைப் பதியுமுன்னே தொடங்குங்கள். மறுத்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் அப்போதே முடிவு செய்யுங்கள்: சொந்தமாக ஒரு சோதனைக்கூடம், ஹனிபாட் (தாக்குபவர்களை ஈர்க்கும் பொறிக் கணினி), அல்லது குறைகள் தெரிந்த பொதுத் தரவு.

சக ஊழியர்களுக்குப் போலி ஃபிஷிங் மின்னஞ்சல் அனுப்புவது வேலையில் வழக்கமாக இருக்கலாம். அதையே ஆய்வாகச் செய்தால் அது மனிதர்கள் மீதான ஆய்வு, நெறிக்குழு அனுமதி வேண்டும். லினக்ஸ் கர்னலுக்கு வேண்டுமென்றே குறையுள்ள பேட்சுகளை அனுப்பிப் பார்த்த பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2021ல் பெரிய பிரச்சினையானது. பராமரிப்பாளர்கள் அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து வரும் பேட்சுகளையே ஏற்க மறுத்தார்கள், கட்டுரையும் திரும்பப் பெறப்பட்டது.

ஆய்வின் நடுவில் ஒரு பொருளில் நிஜமான ஓட்டை கிடைத்தால், தயாரிப்பாளருக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். 90 நாள் என்பது பரவலான வழக்கம். சமர்ப்பிப்புத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். அதற்குள் அடங்காவிட்டால் ஆய்வேட்டைச் சிறிது காலம் வெளியிடாமல் வைக்க வழி இருக்கிறதா என்று கைடிடம் முன்னதாகவே கேளுங்கள்.

எழுதும்போது விபத்து அறிக்கை நடை ஒட்டிக்கொண்டு வரும். "அமைப்பு வெற்றிகரமாகப் பலப்படுத்தப்பட்டது" என்ற மாதிரி வாக்கியங்களை எல்லாம் அடித்துவிடுங்கள். ஒவ்வொரு கூற்றுக்குப் பக்கத்திலும் அதற்கான அட்டவணை, படம், அல்லது நிரூபணத்தின் எண் இருக்க வேண்டும். எண் போட முடியாத கூற்று ஊகம். அதை ஊகம் என்றே எழுதுங்கள், தேர்வாளர் மதிப்பார்.

வாய்மொழித் தேர்வில் ஒரு கேள்வி ஏதோ ஒரு வடிவில் வந்தே தீரும்: உங்கள் முறை முழுவதும் தெரிந்த ஒருவர் எப்படித் தப்பிப்பார்? முறை வெளியே தெரிந்தாலும் பாதுகாப்பு நிற்க வேண்டும் என்று குறியாக்கவியலாளர் கெர்க்ஹாஃப்ஸ் 1883லேயே எழுதிவிட்டதால், "அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை" என்ற பதில் எடுபடாது. சமர்ப்பிக்க ஒரு மாதம் இருக்கும்போது ஒரு வார இறுதியை ஒதுக்கி, உங்கள் அமைப்பை நீங்களே தாக்குங்கள். பேக்கெட்டுகளைத் தாமதித்து அனுப்புங்கள், ஃப்ளோவை இரண்டாக உடையுங்கள், வழக்கமான போக்குவரத்துக்குள் கலந்துவிடுங்கள். எத்தனை சதவீதம் தப்பியது என்ற அட்டவணையைக் குறைபாடுகள் அத்தியாயத்தில் சேருங்கள். அந்தக் கேள்வி வரும்போது பக்க எண்ணைச் சொன்னால் போதும்.